எண் 961: வர்ஜீனியா சட்டமன்றத்தில் ஒரு துப்பாக்கி மசோதா

எச்.பி. 961 என்பது 2020ஆம் ஆண்டில் அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலச் சட்டமன்றத்தின் முன் வந்த துப்பாக்கிக் கட்டுப்பாட்டு மசோதா. ராணுவத் துப்பாக்கிகளின் சாயலில் செய்யப்பட்டு ‘அசால்ட்’ வகை என்று அழைக்கப்படும் அரைத் தானியங்கித் துப்பாக்கிகளின் விற்பனையையும், அதிகத் தோட்டா கொள்ளும் மேகசின்களையும் தடைசெய்வது அதன் நோக்கம். அந்த ஆண்டு ஆளுநர் ரால்ஃப் நார்தம் முன்வைத்த எட்டு அம்சத் திட்டத்தில் ஏழு சட்டமாயின. இது மட்டும் பிப்ரவரி 17ஆம் தேதி செனட்டின் நீதிக்குழுவில் நின்றுபோனது. நிறுத்தியவர்களில் ஆளுநரின் சொந்தக் கட்சியான ஜனநாயகக் கட்சியின் செனட்டர்கள் நால்வரும் இருந்தனர். எட்டில் ஏழு கரையேறி ஒன்று ஏறாமல் போனதற்குக் காரணம் தேடுகிறவர்கள், அந்த ஆண்டு ஜனவரியில் மாநிலத் தலைநகர் ரிச்மண்டின் வீதிகளில் ஆயுதங்களோடு திரண்ட பெருங்கூட்டத்தைச் சுட்டிக்காட்டுவது வழக்கம். மசோதாக்கள் நகர்ந்த தேதிகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் அந்தக் காரணம் ஒட்டவில்லை.

வர்ஜீனியா துப்பாக்கிப் பழக்கம் வேரூன்றிய மாநிலம். தேசிய ரைஃபிள் சங்கத்தின் தலைமையகம் அங்கே ஃபேர்ஃபாக்ஸில் இருக்கிறது. 1971இல் நடைமுறைக்கு வந்த மாநில அரசமைப்பு, ஆயுதம் வைத்திருக்கும் மக்களின் உரிமையைத் தனி வாசகமாகவே சேர்த்துக்கொண்டது. கட்டுப்பாடும் அங்கே புதிதன்று. வர்ஜீனியாவில் வாங்கிய கைத்துப்பாக்கிகள் நியூயார்க் போன்ற நகரங்களின் குற்றச் சந்தைக்குப் போய்ச் சேர்கின்றன என்ற புகார் வலுத்தபோது, ஆளுநர் டக்ளஸ் வைல்டர் காலத்தில், 1993இல், ஒருவர் மாதத்துக்கு ஒரு கைத்துப்பாக்கிதான் வாங்கலாம் என்ற சட்டம் வந்தது. 2012இல் குடியரசுக் கட்சி ஆட்சி அதை நீக்கியது. இடையில், 2007 ஏப்ரலில், வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தில் 32 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதற்குப் பிறகும் பெரிய கட்டுப்பாட்டு மசோதா எதுவும் இரு அவைகளையும் தாண்டவில்லை. பெரும்பாலானவை ஏதாவது ஒரு சிறிய துணைக்குழுவில், நாலைந்து பேர் கைதூக்கியதோடு முடிந்துபோயின.

2019 மே 31ஆம் தேதி வர்ஜீனியா பீச் நகராட்சி அலுவலகத்தில் அங்கேயே பணியாற்றிய ஊழியர் ஒருவர் 12 பேரைச் சுட்டுக் கொன்றார். நார்தம் சிறப்புக் கூட்டத்தொடருக்கு அழைப்பு விடுத்தார். ஜூலை 9ஆம் தேதி கூடிய அவைகளில் அப்போது பெரும்பான்மை குடியரசுக் கட்சியிடம் இருந்தது. ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்தில் கூட்டம் ஒத்திவைக்கப்பட்டது. தாக்கலான மசோதாக்கள் எல்லாம் மாநிலக் குற்ற ஆணையத்தின் ஆய்வுக்கு அனுப்பப்பட்டன. தேர்தல் முடிந்த பிறகு நவம்பரில் வந்த ஆணையத்தின் அறிக்கை மூன்று பக்கம் கொண்டது. அதில் பரிந்துரை என்று ஒன்றுமில்லை. குற்ற ஆணையத்துக்கு அனுப்புதல் என்பது என்ன செய்யும் என்பதை இரு தரப்பும் அன்று கண்டுகொண்டன. ஏழு மாதம் கழித்து அதே வழியை ஜனநாயகக் கட்சியினரே பயன்படுத்தியதால் இதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

நவம்பர் 5ஆம் தேதித் தேர்தல் கணக்கை மாற்றியது. நூறு பேர் கொண்ட பிரதிநிதிகள் அவையில் ஜனநாயகக் கட்சிக்கு 55 இடங்கள். நாற்பது பேர் கொண்ட செனட்டில் 21. இரு அவைகளும் ஆளுநர் பதவியும் ஒருசேர அந்தக் கட்சியிடம் வந்தது இருபதாண்டுகளுக்கு மேல் கழித்து. துப்பாக்கிக் கட்டுப்பாட்டுக்காக இயங்கும் ‘எவ்ரிடவுன்’ அமைப்பு இந்தத் தேர்தலில் சுமார் 25 லட்சம் டாலர் செலவிட்டது. தலைமையகத்தை அதே மாநிலத்தில் வைத்திருக்கும் ரைஃபிள் சங்கத்தின் செலவு அதற்குக் கிட்டே வரவில்லை. மாற்றத்தைத் தந்தவை நகர்ப்புறத்தை ஒட்டிய புறநகர்த் தொகுதிகள். ரிச்மண்டின் புறநகர்ப் பகுதிகளை உள்ளடக்கிய செனட் தொகுதி ஒன்றில் வென்றவர் ஹைதராபாத்தில் பிறந்த கசாலா ஹாஷ்மி. குடியேறிகளும் பட்டதாரிகளும் நிறைந்த இந்தப் பகுதிகளுக்கும், மலையும் வேட்டைக்காடும் நிறைந்த தென்மேற்குக் கவுண்டிகளுக்கும் இடையே இருந்த பிளவு அன்றைய வாக்கு எண்ணிக்கையில் அப்பட்டமாகத் தெரிந்தது.

புதிய அவை கூடுவதற்கு முன்பே பெரும் எதிர்ப்பைக் கிளப்பிய மசோதா 961 அன்று. செனட்டின் பெரும்பான்மைத் தலைவர் டிக் சாஸ்லா நவம்பரிலேயே தாக்கல் செய்த எஸ்.பி. 16 தான் அது. அதன் வரைவு அசால்ட் வகைத் துப்பாக்கியை விற்பதோடு வைத்திருப்பதையும் கடுங்குற்றமாக்கியது. ஏற்கெனவே வாங்கியவர்களுக்கு விலக்கு எதுவும் எழுதப்பட்டிருக்கவில்லை. விலக்கு பின்னர் சேர்க்கப்படும் என்று சாஸ்லாவும் ஆளுநரும் சொன்னார்கள். ஆனால் துப்பாக்கி வைத்திருப்பவர்கள் படித்தது அச்சான வரைவை. சட்டத்துக்குக் கட்டுப்பட்டு, பணம் கொடுத்து வாங்கிய பொருளுக்காகச் சிறை செல்ல நேரும் என்ற வாசகம் கையில் இருக்கும்போது, திருத்துவோம் என்ற வாய்மொழி யாருக்கும் போதுமானதாக இல்லை.

அதன் விளைவு கவுண்டி மன்றங்களில் தெரிந்தது. அமெரிக்க அரசமைப்பில் ஆயுத உரிமையைச் சொல்லும் இரண்டாம் திருத்தத்தின் பெயரால், ‘இரண்டாம் திருத்தச் சரணாலயம்’ என்று தம்மை அறிவித்துக்கொள்ளும் தீர்மானங்களைக் கவுண்டிகள் ஒவ்வொன்றாக நிறைவேற்றத் தொடங்கின. மே மாதமே கேரல் கவுண்டி இதைத் தொடங்கிவைத்திருந்தது. தேர்தலுக்குப் பிறகு அது காட்டுத்தீயானது. மாநிலத்தின் 95 கவுண்டிகளில் 90க்கும் மேற்பட்டவை சில வாரங்களில் இப்படி அறிவித்துக்கொண்டன. வழக்கமாகச் சாலை, பள்ளி, கழிவுநீர் பற்றிப் பேசிக் கலையும் மன்றக் கூட்டங்களுக்கு நூற்றுக்கணக்கானோர் வந்தார்கள். சில ஊர்களில் அரங்கு கொள்ளாமல் வாகன நிறுத்தத்தில் நின்றார்கள். இந்தத் தீர்மானங்களுக்குச் சட்ட வலு கிடையாது என்று மாநில அரசின் தலைமை வழக்கறிஞர் மார்க் ஹெரிங் டிசம்பர் 20ஆம் தேதி கருத்துரை வழங்கினார். வர்ஜீனியாவில் உள்ளாட்சிக்கு மாநிலச் சட்டமன்றம் கொடுத்த அதிகாரம் மட்டுமே உண்டு என்பதால் அவர் சொன்னது சரியானதே. ஆனால் தீர்மானங்களின் பயன் சட்டத்தில் இருக்கவில்லை. எந்தத் தொகுதியில் எத்தனை பேர் கூட்டத்துக்கு வருவார்கள் என்பதை, ஆசனத்தைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டிய ஒவ்வொரு செனட்டருக்கும் அவை எண்ணிக் காட்டின.

வர்ஜீனியா சட்டமன்றத்தின் நடைமுறை, பின்தொடர்கிறவரின் பொறுமையைச் சோதிக்கும் வேகம் கொண்டது. அவை ஜனவரியின் இரண்டாம் புதன்கிழமை கூடும். இரட்டைப்படை ஆண்டில் 60 நாள், ஒற்றைப்படை ஆண்டில் அதற்கும் குறைவு. உறுப்பினர்கள் பகுதிநேரத்தவர்கள், ஆண்டின் மற்ற நாட்களில் வழக்கறிஞராகவோ வணிகராகவோ இருப்பவர்கள். இந்தக் குறுகிய காலத்துக்குள் ஆயிரக்கணக்கான மசோதாக்கள் ஓட வேண்டும். ஒவ்வொன்றும் ஒரு குழுவுக்கு அனுப்பப்பட்டு, குழு பரிசீலித்து, அச்சாகி, ஒவ்வோர் அவையிலும் மூன்று வெவ்வேறு நாட்களில் தலைப்பு வாசிக்கப்பட்ட பிறகே இறுதி வாக்குக்கு வரலாம் என்று அரசமைப்புச் சொல்கிறது. கூட்டத்தொடரின் நடுவில் ‘கிராஸ்ஓவர்’ என்று ஒரு நாள் உண்டு. அதற்குள் பிறந்த அவையைத் தாண்டாத மசோதா அந்த ஆண்டுக்கு முடிந்தது; தாண்டியது அடுத்த அவைக்குப் போய் மீண்டும் முதலிலிருந்து குழு, வாசிப்பு, வாக்கு என்று தொடங்கும்.

குழுவில் ஒரு மசோதா முடிவதற்குப் பல வழிகள் உண்டு. நேரடியாகத் தோற்கடிப்பது அவற்றில் அரிதானது. ‘காலவரையின்றித் தள்ளிவைத்தல்’ என்ற தீர்மானம் நிறைவேறினால், மசோதா பெயரளவில் உயிரோடும் நடைமுறையில் புதைகுழியிலும் இருக்கும். தாக்கல் செய்தவரே திரும்பப் பெறலாம். ஒரே பொருள் பற்றிய இன்னொரு மசோதாவோடு இணைத்துவிடலாம். இரட்டைப்படை ஆண்டில் மட்டும் கிடைக்கும் இன்னொரு வழி, அடுத்த ஆண்டுக்கு எடுத்துச் செல்வது. இதில் யாரும் ‘வேண்டாம்’ என்று வாக்களிக்க வேண்டியதில்லை. ‘இன்னும் ஆராயலாம்’ என்றால் போதும். கட்சிக்குள் பிளவு இருக்கும்போது இதைவிட வசதியான கதவு வேறில்லை.

இந்தப் பாதையைத் தொடர்ந்து கவனிப்பது வர்ஜீனியாவின் துப்பாக்கி உரிமையாளர்களிடையே ஒரு கைத்தொழில்போல வளர்ந்திருந்தது. அதில் முன்னணியில் இருந்தது 1994இல் தொடங்கப்பட்ட வர்ஜீனியா குடிமக்கள் பாதுகாப்புக் கழகம். தேசிய சங்கத்தைவிட உறுப்பினர் எண்ணிக்கையில் மிகச் சிறியது. சமரசத்தை ஏற்பதில் அதைவிடக் கறாரானது. தலைவர் ஃபிலிப் வான் கிளீவும் தொண்டர்களும் ஒவ்வோர் ஆண்டும் தாக்கலாகும் ஆயுத மசோதாக்களை எண்வாரியாகப் பட்டியலிட்டு, ஆதரிக்க வேண்டியவை எவை, எதிர்க்க வேண்டியவை எவை என்று குறித்து, மின்னஞ்சலில் உறுப்பினர்களுக்கு அனுப்பிவந்தார்கள். சட்டமன்றத்தின் இணையத் தகவல் அமைப்பில் மசோதா எண்ணைத் தட்டினால் அதன் முழு வரலாறும் எவருக்கும் கிடைக்கும்: எந்தத் தேதியில் எந்தக் குழு, யார் எப்படி வாக்களித்தார், வரைவு எத்தனை முறை மாறியது என்பதெல்லாம். குழுக் கூட்டங்களின் நேரலையும் உண்டு. அரசு வேலையையோ பண்ணை வேலையையோ விட்டு ரிச்மண்டுக்கு ஓட முடியாதவர்களும் வீட்டிலிருந்தே தம் பிரதிநிதியின் வாக்கைப் பார்த்துக்கொள்ள முடிந்தது.

இந்தத் தொழிலில் தேர்ந்தவர்கள் முதலில் கற்றுக்கொள்வது, செய்தித்தாள் தலைப்பைவிட மாற்று வரைவு முக்கியம் என்பதை. குழுவில் ஒரு மசோதா எடுத்துக்கொள்ளப்படும் காலையில் அதன் வாசகம் முழுவதையும் நீக்கிப் புதிய வாசகத்தை வைக்கலாம். எண் அப்படியே இருக்கும். முந்தைய நாள் படித்த பத்துப் பக்கம் செல்லாக்காசாகிவிடும். பேச வந்தவருக்கு ஒதுக்கப்படுவது பெரும்பாலும் ஒன்றிரண்டு நிமிடம். அந்த நேரத்தில் பழைய வரைவைத் திட்டித் தீர்ப்பவரும் உண்டு. புதிய வரைவின் எத்தனையாவது வரி தம்மைப் பாதிக்கிறது என்று சொல்பவரும் உண்டு. இரண்டாமவரிடம்தான் உறுப்பினர்கள் கேள்வி கேட்டார்கள். துப்பாக்கிக் கடைக்காரர்களும் போட்டித் துப்பாக்கி சுடுவோரும் வேட்டைக் கழகத்தினரும் இந்த இடத்தில் பெற்ற கவனத்தை, கொடியேந்தி வந்தவர்கள் பெறவில்லை.

நார்தமின் எட்டு அம்சங்கள் வருமாறு: தனியார் விற்பனைக்கும் பின்னணிச் சோதனை, அசால்ட் வகைத் தடை, மாதம் ஒரு கைத்துப்பாக்கி என்ற பழைய வரம்பை மீட்பது, தொலைந்த அல்லது திருடுபோன துப்பாக்கியைக் காவல்துறையிடம் தெரிவிக்கும் கட்டாயம், ஆபத்தானவர் எனக் கருதப்படுபவரிடமிருந்து நீதிமன்ற ஆணையின் பேரில் தற்காலிகமாகத் துப்பாக்கியைப் பெற்றுக்கொள்வது, பாதுகாப்பு ஆணைக்கு உள்ளானவர்கள் துப்பாக்கி வைத்திருக்கத் தடை, குழந்தைகள் கைக்கு எட்டும்படி ஆயுதத்தை விட்டுவைப்பதற்குத் தண்டனை, பொதுக் கட்டடம், பூங்கா போன்ற இடங்களில் ஆயுதத்தைத் தடைசெய்ய உள்ளாட்சிகளுக்கு அதிகாரம். இவற்றில் ஒன்றைத் தவிர மற்றவை துப்பாக்கியை எப்படி வாங்குவது, எங்கே கொண்டுபோவது, எந்த நிலையில் ஒப்படைப்பது என்பவற்றைத் தொட்டன. எந்தத் துப்பாக்கியை வைத்திருக்கலாம் என்பதைத் தொட்டது அசால்ட் வகைத் தடை மட்டுமே.

ஜனவரி 13ஆம் தேதி செனட் நீதிக்குழு கூடியது. அன்றே சாஸ்லாவின் எஸ்.பி. 16 அவருடைய வேண்டுகோளின் பேரில் நீக்கப்பட்டது. பல வாரங்களாகக் கவுண்டி கவுண்டியாகக் கூட்டம் சேர்த்த மசோதா ஒரு நிமிடத்தில் மறைந்தது. அதே நாளில் பின்னணிச் சோதனை, மாதம் ஒன்று, உள்ளாட்சி அதிகாரம் ஆகிய மூன்றும் குழுவைத் தாண்டின. ஜனவரி 16ஆம் தேதி செனட்டும் அவற்றை நிறைவேற்றியது. பின்னணிச் சோதனை மசோதாவில் குழு செய்த மாற்றம் ஒன்று கவனத்துக்குரியது. துப்பாக்கியின் எந்தக் கைமாற்றத்துக்கும் சோதனை வேண்டும் என்றிருந்த வாசகம், விற்பனைக்கு மட்டும் என்று சுருக்கப்பட்டது. வேட்டைக்குப் போகும் நண்பனுக்கு இரவல் கொடுப்பதும் தந்தை மகனுக்குக் கொடுப்பதும் இதனால் சட்டத்துக்கு வெளியே நின்றன. பிரதிநிதிகள் அவை தன் மசோதாவில் பரந்த வாசகத்தையே விரும்பியது. இறுதியில் நிலைத்தது செனட்டின் சொல். கிராமப்புற எதிர்ப்பு சட்டத்தின் உள்ளே சாதித்த மிகப் பெரிய மாற்றம் இதுதான் என்று சொல்லலாம், அதைப் பற்றி எந்தப் பதாகையும் பேசவில்லை என்றபோதும்.

ஜனவரி 20 வந்தது. மார்ட்டின் லூதர் கிங் நினைவு விடுமுறையான அந்தத் திங்கட்கிழமையில், வேலைக்குப் போகாதவர்கள் சட்டமன்றத்துக்கு வந்து உறுப்பினர்களைச் சந்திப்பது ஆண்டுதோறும் நடப்பது. குடிமக்கள் பாதுகாப்புக் கழகமும் பல ஆண்டுகளாக அன்றுதான் வந்துகொண்டிருந்தது. வழக்கமாகச் சில நூறு பேர், ஆரஞ்சு நிற ஒட்டிகளோடு அறை அறையாகப் போய்ப் பேசிவிட்டு மாலையில் திரும்புவார்கள். 2020இல் நாடெங்கிலுமிருந்து ஆயுதக் குழுக்கள் வரப்போவதாகச் சொல்லின. 2017இல் அதே மாநிலத்தின் ஷார்லட்ஸ்வில்லில் வெள்ளை இனவாதிகளின் ஊர்வலம் உயிர்ப்பலியில் முடிந்ததை அரசு மறக்கவில்லை. நார்தம் நெருக்கடி நிலை அறிவித்து, 17ஆம் தேதி மாலையிலிருந்து சட்டமன்ற வளாகத்தில் ஆயுதங்களைத் தடைசெய்தார். தடையை எதிர்த்து உரிமையாளர் அமைப்புகள் தொடுத்த வழக்கில் மாநில உச்ச நீதிமன்றம் தலையிட மறுத்தது. 16ஆம் தேதி ‘தி பேஸ்’ என்ற நவநாஜிக் குழுவைச் சேர்ந்த மூவரை மத்தியப் புலனாய்வுத் துறை கைதுசெய்தது. ரிச்மண்டுக்குப் போவது பற்றி அவர்கள் பேசியிருந்தார்கள்.

அன்று வந்தவர்கள் சுமார் 22,000 பேர் என்று அதிகாரிகள் மதிப்பிட்டார்கள். ஏறக்குறைய 6,000 பேர் சோதனையைக் கடந்து ஆயுதமின்றி வளாகத்துக்குள் நின்றார்கள். மற்றவர்கள் வேலிக்கு வெளியே, பலர் தோளில் ரைஃபிள் தொங்க, உறைபனிக் குளிரில் வீதிகளை நிறைத்தார்கள். அஞ்சியது எதுவும் நடக்கவில்லை. கைது ஒன்றே ஒன்று. முகமூடி பற்றிய மாநிலச் சட்டத்தின் கீழ். உலகத் தொலைக்காட்சிகளுக்கு அந்தக் காட்சி போதுமானதாக இருந்தது. உறுப்பினர்களின் வாக்கைப் பொறுத்தவரை, இரண்டு நாள் கழித்து, 22ஆம் தேதி, ஆபத்தானவரிடமிருந்து துப்பாக்கியைப் பெறும் மசோதாவைச் செனட் 21க்கு 19 என்ற கட்சிக் கணக்கிலேயே நிறைவேற்றியது. 30ஆம் தேதி பிரதிநிதிகள் அவை தன் பங்குக்கு ஒரு கொத்து மசோதாக்களை அனுப்பிவைத்தது. கூட்டம் ஒரு வாக்கையும் நகர்த்தியதற்கு அவைக் குறிப்புகளில் தடயம் இல்லை.

அலெக்சாண்ட்ரியா உறுப்பினர் மார்க் லெவைன் தாக்கல் செய்த 961 பிரதிநிதிகள் அவையில் தாமதமாகத்தான் எடுத்துக்கொள்ளப்பட்டது. முதல் வரைவில் ஏற்கெனவே அசால்ட் வகைத் துப்பாக்கி வைத்திருப்பவர்கள் மாநிலக் காவல்துறையிடம் அனுமதி பெற்று வைத்துக்கொள்ளலாம் என்றிருந்தது. வர்ஜீனியாவில் துப்பாக்கிகளுக்குப் பொதுவான பதிவேடு கிடையாது. ஆகவே இந்த அனுமதி, பதிவேட்டுக்குப் போடும் பிள்ளையார்சுழி என்றே வாசிக்கப்பட்டது. பிப்ரவரி 7ஆம் தேதி பொதுப் பாதுகாப்புக் குழு 12க்கு 9 என்று அனுப்பிவைத்த மாற்று வரைவில் அனுமதிப் பிரிவு போய்விட்டது. இருப்பவர்கள் வைத்துக்கொள்ளலாம், புதிதாக விற்க முடியாது, 12 தோட்டாவுக்கு மேல் கொள்ளும் மேகசின்கள் தடைக்குள் வரும் என்று அது மாறியது. கிராஸ்ஓவர் நாளான பிப்ரவரி 11ஆம் தேதி அவை அதை 51க்கு 48 என்று நிறைவேற்றியது. 55 பேர் கொண்ட கட்சியால் 51 வாக்குக்கு மேல் திரட்ட முடியவில்லை. செனட்டில் என்ன நடக்கும் என்பதற்கு அந்த எண்ணே முன்னறிவிப்பு.

செனட்டில் அது சேர வேண்டிய நீதிக்குழுவில் 15 பேர்: ஒன்பது ஜனநாயகக் கட்சியினர், ஆறு குடியரசுக் கட்சியினர். இருவர் மாறினால் மசோதா முடிந்தது. பின்தொடர்ந்தவர்களின் தொலைபேசி அழைப்புகளும் கடிதங்களும் இந்தக் கட்டத்தில் மாநிலம் முழுவதையும் விட்டுவிட்டு ஒரு சிலர் மீதே குவிந்தன. பிப்ரவரி 17ஆம் தேதி குழு கூடியபோது, மசோதாவை 2021க்கு எடுத்துச் சென்று, குற்ற ஆணையத்தை ஆராயச் சொல்லலாம் என்ற தீர்மானம் 10க்கு 5 என்று நிறைவேறியது. கட்சி மாறி வாக்களித்த நால்வர்: குழுத் தலைவர் ஜான் எட்வர்ட்ஸ், கிரீ டீட்ஸ், சாப் பீட்டர்சன், ஸ்காட் சுரோவெல். அறையில் நிறைந்திருந்த துப்பாக்கி உரிமையாளர்கள் கைதட்டி ஆரவாரித்தார்கள். முந்தைய ஜூலையில் இதே ஆணையத்துக்கு அனுப்பியதைக் கேலிசெய்த கட்சிக்காரர்கள் அன்று அமைதியாக இருந்தார்கள்.

நால்வரையும் ஒரே காரணத்தில் அடக்க முடியாது. டீட்ஸ் மலைப்பகுதியான பாத் கவுண்டிக்காரர். 2005இல் தலைமை வழக்கறிஞர் பதவிக்குப் போட்டியிட்டபோது தேசிய ரைஃபிள் சங்கத்தின் ஆதரவைப் பெற்றவர். எட்வர்ட்ஸின் ரோனோக் தொகுதி கிராமங்களையும் உள்ளடக்கியது. பீட்டர்சனும் சுரோவெலும் வாஷிங்டன் புறநகர்க்காரர்கள். அவர்களுக்குச் சரணாலயத் தீர்மானங்களால் நேரடி ஆபத்து எதுவுமில்லை. ஆனால் இருவரும் வழக்கறிஞர்கள். எது அசால்ட் துப்பாக்கி என்ற வரையறை கைப்பிடியின் வடிவம், மடக்கும் பின்கட்டை, குழல் முனையின் மரை போன்ற புற அடையாளங்களை நம்பியிருந்தது. ஒரே தோட்டாவை ஒரே வேகத்தில் சுடும் இரு துப்பாக்கிகளில் ஒன்று சட்டத்துக்கு உள்ளேயும் மற்றது வெளியேயும் விழக்கூடும். எதைத் தடைசெய்கிறோம் என்று தெளிவாகச் சொல்ல முடியாத கிரிமினல் சட்டத்தில் கையெழுத்திட வழக்கறிஞர்கள் தயங்கியது வியப்பன்று. இந்தப் பலவீனத்தை வரி வரியாக எடுத்துக்காட்டியவர்கள் துப்பாக்கியைக் கழற்றிப் பூட்டத் தெரிந்த உரிமையாளர்கள்தான்.

இதற்கும் அடியில் இன்னொன்று இருந்தது. நிறைவேறிய ஏழும் அநேகமாக எதிர்காலத்தை நோக்கியவை: நாளை வாங்கும் கைத்துப்பாக்கி, நாளை நடக்கும் விற்பனை, நாளை நீதிபதி பிறப்பிக்கும் ஆணை. இன்று வீட்டு அலமாரியில் இருக்கும் பொருளைப் பொத்தாம்பொதுவாகக் குற்றமாக்கும் தன்மை அவற்றில் இல்லை. 961 மட்டும், எவ்வளவு மென்மையாக்கப்பட்ட பிறகும், லட்சக்கணக்கானோரிடம் ஏற்கெனவே உள்ள மேகசின்களைத் தொட்டது. எஸ்.பி. 16 நவம்பரில் கிளப்பிய பயம், அது நீக்கப்பட்ட பிறகும் 961 மீது நிழலாக விழுந்துகொண்டிருந்தது. விலக்கோடு எழுதப்பட்ட மசோதாவை முதலில் கொண்டுவந்து, விலக்கற்றதைத் தாக்கலே செய்யாதிருந்தால் முடிவு வேறாக இருந்திருக்கலாம். நீதிக்குழுவில் தேவைப்பட்டது மூன்று வாக்கு மாற்றம் மட்டுமே.

ஏழு மசோதாக்கள் ஆளுநர் மேசைக்குப் போனபோது கொரோனா தொற்று வந்துவிட்டது. கூட்டத்தொடர் மார்ச் 12ஆம் தேதி முடிந்தது. வர்ஜீனியா ஆளுநர் கையெழுத்திடலாம், மறுக்கலாம், திருத்தம் பரிந்துரைத்துத் திருப்பி அனுப்பலாம். பின்னிரண்டையும் கவனிக்க, ஒத்திவைப்புக்குப் பிந்தைய ஆறாம் புதன்கிழமையில் மறுகூட்டம் உண்டு. ஏப்ரல் 10ஆம் தேதி நார்தம் பெரும்பாலானவற்றில் கையெழுத்திட்டார். ஏப்ரல் 22ஆம் தேதி மறுகூட்டத்தில் பிரதிநிதிகள் அவை வளாகத் திடலில் போட்ட கூடாரத்தின் கீழும், செனட் நகரின் அறிவியல் அருங்காட்சியகத்திலும் கூடின. மக்கள் நேரில் வந்து அழுத்தம் கொடுக்கும் வழி முழுதாக அடைபட்டிருந்த அந்த வாரங்களில்தான் கடைசிச் சொற்கள் முடிவாயின. தொலைந்த துப்பாக்கியைத் தெரிவிக்க முதலில் சொன்ன 24 மணி நேரம் 48 ஆனது; தவறினால் 250 டாலர் வரை அபராதம். குழந்தைகள் பற்றிய பிரிவில் வயது வரம்பை 18க்கு உயர்த்தும் எண்ணம் கைவிடப்பட்டு 14 என்பதே நீடித்தது. மாதம் ஒன்று என்ற வரம்பிலிருந்து மறைத்து ஏந்தும் உரிமம் உள்ளவர்களுக்கு விலக்குக் கிடைத்தது. ஆபத்து ஆணை முதலில் 14 நாள், பிறகு விசாரணைக்குப் பின் 180 நாள் வரை. சட்டங்கள் ஜூலை 1ஆம் தேதி அமலுக்கு வந்தன.

அதற்கடுத்த களம் நீதிமன்றம். லிஞ்ச்பர்க் சர்க்யூட் நீதிமன்ற நீதிபதி ஒருவர் ஜூலையிலேயே பின்னணிச் சோதனைச் சட்டத்தை 18 முதல் 20 வயது வரையிலான கைத்துப்பாக்கி வாங்குவோரைப் பொறுத்த அளவில் நிறுத்திவைத்தார். உரிமம் பெற்ற வியாபாரி 21 வயதுக்குட்பட்டவருக்குக் கைத்துப்பாக்கி விற்பதை மத்தியச் சட்டம் தடைசெய்கிறது. தனியார் விற்பனையும் வியாபாரி வழியாகச் சோதிக்கப்பட்டே நடக்க வேண்டும் என்று மாநிலம் சொன்னால் இந்த வயதினருக்கு வாங்கும் வழியே அடைபடுகிறது. சட்டமன்றத்தில் வரி வரியாகப் படித்தவர்கள் கண்ட இடைவெளிகளில் இதுவும் ஒன்று. அங்கே எடுபடாதது நீதிமன்றத்தில் எடுபட்டது.

961 அடுத்த ஆண்டில் மீண்டும் எடுத்துக்கொள்ளப்படவில்லை. 2021 கூட்டத்தொடர் சட்டமன்ற வளாகத்திலும் வாக்குச்சாவடிகளின் அருகிலும் ஆயுதத்தைத் தடைசெய்தது. அந்த ஜனவரியில் வளாகம் மூடப்பட்டிருந்ததால் உரிமையாளர்கள் வாகன ஊர்வலமாக நகரைச் சுற்றிவந்தார்கள். லெவைன் அதே ஆண்டு உட்கட்சித் தேர்தலில் தோற்றார். நவம்பரில் ஆளுநர் பதவியும் பிரதிநிதிகள் அவையும் குடியரசுக் கட்சிக்குப் போயின. பீட்டர்சனுக்கு 2020 வாக்கின் கணக்கு 2023இல் வந்தது: உட்கட்சித் தேர்தலில் துப்பாக்கி விஷயத்தில் அவருடைய நிலைப்பாடு அவருக்கு எதிராகப் பேசப்பட்டது, அவர் தோற்றார். எட்வர்ட்ஸ் ஓய்வுபெற்றார். சுரோவெல் 2024இல் செனட்டின் பெரும்பான்மைத் தலைவரானார்.

2024 ஜனவரியில், இரு அவைகளும் மீண்டும் ஜனநாயகக் கட்சியிடம் இருந்தபோது, அசால்ட் வகைத் தடைக்கான செனட் மசோதா எஸ்.பி. 2 என்ற எண்ணில் வந்தது. அதைத் தாக்கல் செய்தவர் கிரீ டீட்ஸ். 2024 ஜூலை 1ஆம் தேதிக்கு முன் தயாரான துப்பாக்கி எதுவும் தடைக்குள் வராது என்று அதன் வரையறையிலேயே எழுதியிருந்தது. இரு அவைகளும் அதை நிறைவேற்றின. மார்ச் 26ஆம் தேதி ஆளுநர் கிளென் யங்கின் ஆயுதம் தொடர்பான முப்பது மசோதாக்களை மறுத்தபோது அவற்றில் இதுவும் இருந்தது. மறுப்பைத் தள்ளுபடி செய்ய இரு அவைகளிலும் மூன்றில் இரு பங்கு வாக்கு வேண்டும். செனட்டில் கட்சிக்கு இருந்தது, 2020இல் இருந்ததைப் போலவே, 21.